தள்ளிப்போன கொலனோஸ்கோப்பி: பெருந்தொற்றுக் காலத்து அனுபவங்கள்

நோயாளியின் மகள்:

மலத்தில் இரத்தம் போவதாக அப்பா என்னிடம் முதன்முதலில் சொன்னது 2020 மே மாதத்தில். அதற்கு முன்பே இரண்டு மாதங்களாக அதை மறைத்து வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. வயது 64, சர்க்கரை நோய் வேறு. மருத்துவமனைக்குப் போனால் கொரோனா தொற்றிவிடும் என்ற அச்சம் அவரைவிட எனக்குத்தான் அதிகமாக இருந்தது. ஆகவே தொலைபேசியில் ஆலோசனை பெற்றோம். பொறுமையாகக் கேட்ட மருத்துவர், மூல நோயாக இருக்கக்கூடும் என்று மருந்து எழுதிக் கொடுத்து, இரத்தம் நிற்காவிட்டால் நேரில் வரச் சொன்னார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனையைக்கூடத் தொலைபேசியில் செய்ய முடியாதல்லவா?

இரத்தம் சில நாள் நிற்கும், மறுபடி வரும். ஆகஸ்டில் ஒரு நாள் அப்பா ஆணியைச் சூடாக்கித் தமது பெல்ட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், அது மூன்றாவது துளை. வீட்டிலேயே அடைந்து கிடப்பதால் பசிக்கவில்லை என்றார். அந்த நாட்களில் யார் சொன்னாலும் நம்பக்கூடிய காரணம்தான் அது. வெளியே போகும்போது முகக்கவசம் இருந்ததால் அவருடைய கன்னம் ஒட்டிப்போனது பிறர் கண்ணில் படவில்லை. அன்றாடம் பார்க்கும் எங்களுக்கும் அது உறைக்கவில்லை.

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்குக் கிடைத்த தேதி இருமுறை தள்ளிப்போய், நவம்பரில்தான் நடந்தது. பெருங்குடலின் இடப்புறத்தில் கட்டி வழியை அடைத்திருந்ததால் குழாய் அதற்கு மேல் செல்லவில்லை. புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவி, மூன்றாம் நிலையில் இருந்தது.

எண்டோஸ்கோப்பி (கேமராக் குழாய் விட்டு உள்ளுறுப்புகளைப் பார்க்கும்) பிரிவில் பணிபுரியும் செவிலியர்:

அந்தத் தேதிகளைத் தள்ளிவைத்த பக்கத்தில் இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். இரைப்பைக்குள் குழாயை இறக்கும்போது நோயாளிக்கு இருமலும் குமட்டலும் வரும். அந்த நுண்துளிகள் நேரே எங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். மலத்திலும் வைரஸின் மரபணுக்கூறுகள் கண்டறியப்பட்டதால் கொலனோஸ்கோப்பியும் ஆபத்தில்லாதது என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அறைக் காற்று மாறும்வரை காத்திருந்து, துடைத்து, கவச உடையை மாற்றித்தான் அடுத்தவரை அழைப்போம். நாளொன்றுக்கு 12 பேரைப் பார்த்த எங்கள் அறையில் நான்கு பேரைப் பார்ப்பதே பெரும்பாடாயிற்று. இரத்த வாந்திக்கும் பித்தநாள அடைப்புக்கும் எப்போதும் இடம் கொடுத்தோம். ஆனால் இரண்டு மாதமாகக் கொஞ்சம் இரத்தம் போகிறது என்பவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதில்தான் நாங்கள் தடுமாறினோம்.

இது எங்கள் அறையோடு நின்ற கதையன்று. பிரிட்டனின் தேசிய எண்டோஸ்கோப்பித் தரவுத்தளத்தை ஆராய்ந்தவர்கள், 2020 வசந்தகாலத்தில் பரிசோதனைகள் ஒரு கட்டத்தில் வழக்கமான அளவில் 5 சதவீதத்துக்குச் சரிந்ததாகவும், வாரந்தோறும் கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை 58 சதவீதம் குறைந்ததாகவும் பதிவு செய்தார்கள். நோய் குறையவில்லை, கண்டறிவதுதான் குறைந்தது.

மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தை அளக்கும் எஃப்.ஐ.டி. பரிசோதனை அப்போது கைகொடுத்தது. மாதிரியை வீட்டிலேயே எடுத்து அனுப்பலாம். ஒரு கிராம் மலத்தில் 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஹீமோகுளோபின் இருந்தவர்களைப் பல இடங்களில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். புற்று இருந்தும் சிலருக்கு இயல்பு என்றே முடிவு வரக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் இந்தப் பரிசோதனை உதவாது.

வேறொரு நோயாளியின் மனைவி:

எங்களுக்கு நேர்ந்தது தலைகீழானது. என் கணவருக்குக் கொரோனா வந்து நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலைப் பார்க்கப் போன இடத்தில், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிச் சுவர் தடித்திருப்பதாக அறிக்கையின் கடைசி வரியில் எழுதியிருந்தது. விழுங்கச் சிரமமாக இருந்ததா என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்றுதான் இவர் சொன்னார். ஆனால் பல வாரங்களாக ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தொற்று நீங்கியதும் சிறு துண்டுத் திசுவை எடுத்துச் சோதித்த பயாப்ஸியில் புற்று உறுதியானது. கொரோனா வந்தது நல்லதாயிற்று என்று சொல்ல வாய் கூசுகிறது.

நோயாளியின் மகள்:

அந்த ஆறு மாதத் தாமதம்தான் நோயை முற்றவைத்ததா என்று செவிலியர் அம்மாவிடம் கேட்க விரும்புகிறேன்.

செவிலியர்:

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை அதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பெருங்குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு சதைவளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் வரை ஆகும். அறிகுறியே இல்லாதவருக்கு வழக்கமான பரிசோதனை சில மாதம் தள்ளிப்போவதையும், இரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்குத் தள்ளிப்போவதையும் ஒன்றாக வைக்கக் கூடாது. அந்த மாதங்களில் இரத்தப் பரிசோதனை ஏதாவது எடுத்தீர்களா? இரும்புச்சத்துக் குறைவால் ஹீமோகுளோபின் இறங்கி வரும் இரத்தசோகை சில சமயம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

நோயாளியின் மகள்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். ஜூன் மாதம் வீட்டுக்கே ஆள் வந்து இரத்தம் எடுத்துப்போன அறிக்கை அதில் இருந்தது. சர்க்கரை அளவின் மேல் நான் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். அதே தாளில், நான்கு வரி தள்ளி, ஹீமோகுளோபின் 8.4 என்று அச்சாகியிருக்கிறது.