முன் பிரேக்கைத் தொடாதே என்றார் அப்பா

தம்பிக்கு வண்டி பார்க்கிறோம். அவன் மனம் ஒரு 125 சிசியில் நிற்கிறது. பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் சுற்றாமல் லாக் ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், 2019 ஏப்ரலில் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் கட்டாயமானது. அவன் பார்த்த வண்டியில் இருப்பது சிபிஎஸ். பின் பிரேக்கை மிதித்தால் முன்பக்கமும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் லாக் ஆவதை அது தடுக்காது. "இத்தனை நாள் எல்லாரும் ஏபிஎஸ் வச்சா ஓட்டினாங்க?" என்கிறான். என் கதைகள் இரண்டைச் சொல்கிறேன், உங்களுடையதையும் போடுங்கள்.

முதலாவது, பழைய 150. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்" என்பதுதான் அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மதுராந்தகம் தாண்டி, கோடை மழை தூற ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் குழம்பாகிக் கிடக்கும் நேரம் அது. முன்னே போன பஸ், கை காட்டிய ஆளுக்காகச் சட்டென்று நின்றது. பாடப்படி பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் சுற்றுவதை விட்டுவிட்டு இடப்பக்கமாக என்னையே முந்தப் பார்த்தது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, இப்போதைய வண்டி, டூயல் சேனல், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். செஞ்சி ரோட்டில் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆடு குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிவிட்டேன். விரலுக்கடியில் லீவர் கடகடவென்று துடித்தது. ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். டிஸ்க்கை ஒட்டிய பல் வளையத்தை சென்சார் கவனித்துக்கொண்டே இருக்குமாம். சக்கரம் நிற்கப் போகிறது என்றால் ஆயில் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்தத் துடிப்புதான் அது. ஹேண்டில் கோணவில்லை. ஆடு நின்று பார்த்துவிட்டுப் போனது.

பிரேக் பிடித்தால் பாரம் முன்னே சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். அதைப் பயமில்லாமல் பிடிக்க வைத்ததே ஏபிஎஸ் எனக்குச் செய்த உதவி.

*

நாமக்கல் ரைடர்: எல்லாம் சரி அண்ணா, ஆனால் மலையில் அதை நம்பி இறங்காதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியில் ஒன்றில் வண்டியைச் சாய்த்துத் திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடித்தேன். ஏபிஎஸ் இருந்தும் விழுந்தேன். சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. அதற்கு கேடிஎம் 390 அட்வெஞ்சரில் இருப்பது போல கார்னரிங் ஏபிஎஸ் வேண்டும். ஜல்லி ரோட்டில் இன்னொரு கூத்து. கல்லுக்குக் கல் பிரேக்கை விட்டுவிடும், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியில் பின் ஏபிஎஸ்ஸை அணைக்க வசதி வைத்திருப்பது சும்மா இல்லை.

*

பழைய ஸ்பிளெண்டர்: 20 வருஷமா டிரம் பிரேக்தான், ஒரு தடவைகூட விழவில்லை. முதலில் மொட்டை டயரை மாற்றச் சொல்லுங்கள்.

*

கோவை மழைக்காரன்: டயர் விஷயம் உண்மைதான். இன்னொன்றும் பாருங்கள். சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி கொஞ்ச தூரம் உருண்டதும் அணைய வேண்டும். சர்வீஸ் விட்டு எடுத்த என் வண்டியில் ஒரு வாரம் அணையவே இல்லை. பிரேக் வழக்கம்போலப் பிடித்ததால் நானும் கண்டுகொள்ளவில்லை. வீல் கழற்றியபோது சென்சார் ஒயரை நசுக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு வாரமும் பேருக்குத்தான் ஏபிஎஸ்.

*

நன்றி நண்பர்களே. 125-லேயே ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் மாதிரி சிங்கிள் சேனல் ஏபிஎஸ்ஸோடு வண்டிகள் இருக்கின்றன. முன் சக்கரத்துக்கு மட்டும்தான், ஆனால் நான் பயந்ததும் அந்தச் சக்கரத்துக்குத்தானே. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். அப்பாவும் வருகிறாராம்.