இன்ஜின் அறையை மழமழவென்று ஆக்குவதில் எங்கே நிறுத்துவது?

கேள்வி:

வணக்கம். 1993 மாடல் ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக் ஒன்றை இரண்டு வருடமாகப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் வெளியே இறங்கிவிட்டன. ஒயரிங் முழுவதையும் கழற்றிச் சுற்றி, சீட்டு எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். இன்ஜின் அறை காலி. போன வாரம் கிரீஸைச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் அதில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பதே கண்ணில் பட்டது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போட்டேன். மொத்தம் 61. அதில் திரும்பவும் எனக்குத் தேவைப்படுபவை 38. மீதி 23 சும்மா இருக்கின்றன. ஏசியைத் திரும்ப மாட்டப் போவதில்லை, அதனால் அதற்கான பிராக்கெட்டுகளும் வேண்டாம்.

முதலில் நினைத்தது சின்ன வேலைதான். அந்த 23 ஓட்டைகளை அடைத்து, பேட்டரிக்கு அடியில் ஆசிட் தின்ற இடத்தைச் சரிசெய்து, பெயின்ட் அடித்துவிடலாம் என்று இருந்தேன். அந்த இடத்தில் பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. கீழே தகடு கறுத்திருக்கிறது, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், ஓட்டை விழவில்லை.

ஆனால் ஒட்டு, இணைப்பு எதுவும் தெரியாமல் ஒரே பாத்திரம் போல வழவழவென்று செய்த சில கார்களைப் பார்த்த பிறகு மனசு அங்கேயே நிற்கிறது. சஸ்பென்ஷன் டவரை, அதாவது ஸ்பிரிங்கின் மேல்முனை உட்காரும் மேட்டைச் சுற்றியுள்ள இணைப்புகளையும் அடைத்துவிடலாமா? ஒயரிங்கை ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்துக்கு மேல் உள்ள பக்கத் தகடு) தள்ளி மறைத்துவிடலாமா? ஓட்டைகளுக்கு வெல்டிங்தான் வேண்டுமா, பட்டி (பூசிக் காய்ந்ததும் தேய்த்து மட்டமாக்கும் பசை) போதுமா?

வண்டி நிறுத்திவைத்துப் பார்க்க இல்லை. மழையிலும் ஓட்டுவேன். ரிப்பேர் எல்லாம் நானே பார்ப்பேன்.

பதில் 1:

தம்பி, கடைசி இரண்டு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. நான் இதே வேலையைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் முழுசாகச் செய்தவன். டவர் இணைப்பு, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) இணைப்பு எல்லாவற்றிலும் பட்டி போட்டு இழுத்து, நாள் கணக்கில் உப்புத்தாள் தேய்த்தேன். பெயின்ட் அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் போன பிறகு டவரின் விளிம்பில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தை வைத்தால் மாட்டியது. அடுத்த வருடம் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் பெயின்ட் கொப்புளம் கட்டியது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே துரு பொடிப் பொடியாக வந்தது.

காரணம் எளிது. இணைப்பு என்பது இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, இடைவெளி விட்டு விட்டு ஸ்பாட் வெல்டிங்கில் நிற்கும் இடம். உன் சிவிக்கில் முன்பக்கம் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம் பிடிக்கும். மேல் ஆர்மும் அந்த டவரில்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தத் தகடு கொஞ்சம் முறுக்கும். கம்பெனி இணைப்பில் தண்ணீர் புகாமல் போட்ட சீலர் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். பட்டி கல் மாதிரி, வளையாது, வெடிக்கும். வெடித்த இடத்தில் தண்ணீர் நிற்கும்.

இணைப்பை நீளத்துக்கும் வெல்டிங் வைத்து அரைத்தால் வெடிக்காதே என்று கேட்பாய். உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் பின்பக்கத்துப் பூச்சு எரிந்துவிடும். பின்பக்கம் கை போகாத பொந்து. துரு அங்கிருந்து கிளம்பினால் வெளியே வரும் வரை உனக்குத் தெரியாது. துரு தடுக்கும் மெழுகைக் குழாய் வைத்து உள்ளே பீய்ச்ச வழி இருந்தால் மட்டும் அதை யோசி.

நான் இப்போது செய்வது இதுதான். பழைய சீலரைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, புதுசாகப் பாலியூரிதேன் சீலர் போட்டு, பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுத்து, அது காயும் முன் டேப்பை உரித்துவிடுவேன். கோடு நேராக இருந்தால் அதுவே ஒரு அழகு. இணைப்பு தெரியத்தான் செய்யும், தெரியட்டும்.

ஓட்டைகளுக்கு வெல்டிங்தான். பட்டியை மட்டும் வைத்து ஓட்டையை அடைக்காதே, பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி ஒருநாள் வட்டமாகக் கழன்று விழும். சின்ன ஓட்டைக்குப் பின்னால் செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்தால் போதும். வெல்டிங் செம்பில் ஒட்டாது, சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். பெரிய ஓட்டைக்கு அதே கனத்தில் தகடு வெட்டி, 0.6 மி.மீ. வெல்டிங் கம்பியில் ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு எதிர்ப்பக்கம் என்று வை. கை வைத்தால் பொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்த பிறகுதான் அடுத்த பொட்டு. அவசரப்பட்டால் தகடு அப்பளம் மாதிரி நெளியும், அப்புறம் அதை மறைக்கப் பட்டி மேல் பட்டி. பட்டி 2 மி.மீ. தாண்டினாலே தகட்டைச் சரியாகத் தட்டவில்லை என்று எடுத்துக்கொள்.

தொடங்கும் முன் இசியூவை (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) கழற்றிவிடு. கண்ணாடியைக் கனமான போர்வையால் மூடு. தீப்பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், துடைத்தால் போகாது.

பதில் 2:

ஒயரிங் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் நான் பட்டிருக்கிறேன். ஃபெண்டருக்குள் தள்ளினால் அது சக்கரம் சேற்றையும் கல்லையும் வாரி அடிக்கும் இடம். உள்பக்க பிளாஸ்டிக் மறைப்பு முழுசாக இருந்தாலும் ஈரம் வரும். அதைவிடப் பெரிய தொல்லை நீளம். மறைக்க வேண்டுமென்று முப்பது ஒயர்களை வெட்டி நீட்டினால் அறுபது ஒட்டு. ஒவ்வொரு ஒட்டும் பின்னால் நடுரோட்டில் டார்ச் அடித்துத் தேட வேண்டிய இடம். வெட்டாமல், இருக்கிற நீளத்துக்குள் ஃபயர்வால் விளிம்பை ஒட்டி வளைத்துக் கட்டினாலே அறை பாதி காலியாகத் தெரியும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைப் பாடியோடு சேர்க்கும் எர்த் போல்ட் உட்காரும் இடங்களில் பெயின்ட் படக் கூடாது. என் காரில் எல்லாம் பளபளவென்று முடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் டிக் டிக் என்றது, சுற்றவில்லை. ஒரு மாலை முழுக்கத் தேடினேன். எர்த் முனைக்கு அடியில் பிரைமர், பெயின்ட், கிளியர் மூன்றும் மெத்தை மாதிரி இருந்தன. வெறும் தகடு தெரியச் சுரண்டி முடுக்கியதும் கிளம்பிவிட்டது.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். இன்ஜின் பக்கம் வைத்தால் நடுவில் ஓடும் அவ்வளவு நீளக் கேபிளுக்கும் காவல் கிடையாது.

பதில் 3:

ஃபயர்வாலில் தட்டியிருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் பட்டி, கிரைண்டர், கெட்டியான பிரைமர் எதுவும் வேண்டாம். எழுத்து மங்கினாலே வண்டியை உங்களுடையது என்று நிரூபிக்க முடியாமல் போகலாம். தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளையும் அந்த 23-இல் சேர்த்துவிடாதீர்கள். கீழ் மூலைகளில் இருப்பவற்றை ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:

அண்ணா, மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னொன்று மட்டும். உள்ளே பளபளப்பான கறுப்பு அடிக்க ஆசை. சரியா?

பதில் 1:

கறுப்பு ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். வெளிர் சாம்பல் பல தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும், எண்ணெய்க் கசிவும் அதில் உடனே தெரியும். நீயே ரிப்பேர் பார்க்கிறவன், அது உனக்கு உதவும். எந்த நிறமானாலும் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு, இல்லாவிட்டால் பெயின்ட் ஊறிப் பொங்கி உரியும். டூ-கே பெயின்ட் (ஹார்ட்னர் கலந்து இறுக வைக்கும் பெயின்ட்) அடிப்பதானால் சாதாரண தூசி மாஸ்க்கை நம்பாதே. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலைப் பிடிக்கும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியோடு அடிக்கிறவரிடம் கொடுத்துவிடு.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு ஓட்டையைக்கூட அடைக்கும் முன்பு, வெறும் இன்ஜின், ரேடியேட்டர், எல்லாக் குழாய், எல்லா ஒயர் என்று ஒருமுறை மாட்டிப் பார். நான் அவசரத்தில் கிளட்ச் குழாயின் கிளாம்ப் ஓட்டையை அடைத்துவிட்டேன். பிடி இல்லாமல் குழாய் பிராக்கெட்டில் உரசி உரசித் தேய்ந்தது. நல்ல வேளை, பார்க்கிங்கில் நிற்கும்போதே பெடல் தரையைத் தொட்டது.

கேட்டவர்:

இந்த வாரக் கடைசியில் மாட்டிப் பார்த்துவிட்டேன். அண்ணன் சொன்னது சரி. 23-இல் நான்கு வேண்டியவை. 17-ஆம் எண் ஓட்டை ஆக்சிலரேட்டர் கேபிளின் கிளிப்புக்கு. 40-உம் 41-உம் ஹீட்டர் குழாயின் தாங்கிக்கு. 58 தண்ணீர் வடிகிற துளை, ஒரு குவளை ஊற்றியதும் நேராகத் தரையில் விழுந்தது. நான்கிலும் பச்சை டேப் ஒட்டியாயிற்று. ஆக, அடைக்க வேண்டியது 19.

டவர் இணைப்பில் கை வைக்கவில்லை, சீலர் மட்டும். ஒயரிங் வெட்டப் போவதில்லை. வெளிர் சாம்பல். செம்புத் தகட்டுக்குப் பழைய ஏசி குழாய் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, சுத்தியால் தட்டி விரித்து வைத்திருக்கிறேன்.

பதில் 1:

அது செம்புதானா என்று முதலில் பார், கார் ஏசி குழாய் பெரும்பாலும் அலுமினியம். சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடு. அது உருகிவிடும்.

கேட்டவர்:

சுரண்டினேன். வெள்ளைதான். வேறு தேடுகிறேன் அண்ணா.