டிஷ்வாஷரில் தண்ணீர் சூடாகவில்லையா? ஹீட்டருக்குப் பணம் கட்டும் முன் மீட்டரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் சென்சூரியனில் புதிதாகக் குடியேறியிருக்கும் தங்கை ஒருவர் நேற்று கேட்டிருந்தார்: "வாடகை வீட்டில் இருந்த டிஷ்வாஷர் மூன்று மணி நேரம் ஓடுகிறது. கதவைத் திறந்தால் தட்டெல்லாம் பிசுபிசுப்பு. அவியல் வைத்த பாத்திரத்தின் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. பார்க்க வந்தவர் ஹீட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா, அண்ணா?"

இப்போதைக்கு மாற்றாதீர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் மிட்ராண்டுக்கு வந்த புதிதில், கெடாத ஹீட்டரை மாற்றப் பணம் கொடுத்தவன் நான். ஊருக்குப் புதியவர்கள் என்று தெரிந்தால் சிலர் சோதித்துப் பார்க்காமலேயே பெரிய பாகத்தைக் கைகாட்டிவிடுகிறார்கள். அந்த இழப்பு இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கு நேரக்கூடாது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மின்கட்டணத்துக்கு அஞ்சி இங்கே பலரும் கீசரை நாள் முழுவதும் அணைத்து வைக்கிறார்கள். அதனால்தான் டிஷ்வாஷரில் குளிர்ந்த நீர் வருகிறது என்று நினைப்பது தவறு. பெரும்பாலான டிஷ்வாஷர்கள் குளிர்நீர்க் குழாயில்தான் இணைக்கப்பட்டிருக்கும். தண்ணீரை உள்ளே இழுத்து, தன்னிடம் இருக்கும் ஹீட்டரால் தானே சூடாக்கிக்கொள்ளும். ஜூன், ஜூலையில் ஜொகன்னஸ்பர்க் குழாய்த் தண்ணீரில் கை வைத்தாலே விரல் மரத்துப்போகும். அதனால் இதே கோளாறு கோடையில் கண்ணில் படாமல் இருந்து, குளிர்காலத்தில் வெளியே தெரியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் வீட்டுப் பாத்திரங்களுக்குச் சூடான நீர் இல்லாமல் விமோசனம் இல்லை.

அடுத்து, எந்தக் கழுவல் முறையை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சிக்கன முறை சுமார் 50 டிகிரிதான் போகும், நேரமும் நிறைய எடுக்கும். முன் அலசல் முறை தண்ணீரைச் சூடாக்குவதே இல்லை. ஓடி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் நல்ல இயந்திரத்திலும் தட்டு ஆறித்தான் இருக்கும். ஆகவே மிக அதிகச் சூடான முறையை, 70 டிகிரி என்று போட்டிருப்பதை வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, கதவை மெல்லத் திறந்து பாருங்கள். முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். நீராவி அடித்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது.

இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. லெனேஷியாவில் இருக்கும் முதிய எலக்ட்ரீஷியன் ஒருவர் கற்றுக்கொடுத்தது. அவருடைய முன்னோர்கள் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து சேர்ந்ததே, அதற்குப் பிறகு தொடர்ந்து வந்த கப்பல்களில் ஒன்றில். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் என் மனைவியின் அண்ணனை நான் "அண்ணா" என்று கூப்பிட்டதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, தன் வீட்டிலும் அதே சொல்தான் என்றார். பையைத் திறக்கவே இல்லை. என்னை நேராக மின்மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

மீட்டரின் முகத்தில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 1000. கீசர், அடுப்பு, ஃபிரிட்ஜ், அறைச் சூடேற்றி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிஷ்வாஷரை மட்டும் ஓடவிடுங்கள். தண்ணீரை நிரப்பி மோட்டார் மட்டும் சுழலும்போது சுமார் 100 வாட் இழுக்கும். விளக்கு 36 வினாடிக்கு ஒருமுறை மின்னும். ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கினால் 2000 வாட் அளவுக்கு ஏறும். இரண்டு வினாடிக்குள் ஒருமுறை மின்னும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கடிகாரம்கூடத் தேவையில்லை. நானும் அவரும் இருபது நிமிடம் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது சோம்பலாகவே மின்னிக்கொண்டிருந்தது. புது ஹீட்டர் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

விளக்கு வேகமாக மின்னியும் பாத்திரம் அழுக்காக வருகிறது என்றால் உங்கள் சிக்கல் சூட்டில் இல்லை. நீர் தெளிக்கும் கைகளின் துளைகள் அடைத்திருக்கலாம், டிஷ்வாஷரில் போடும் சோப்பு வில்லை சரியில்லாமல் இருக்கலாம். ஹீட்டர் பக்கமே போக வேண்டாம்.

வேகமாக மின்னவே இல்லை என்றாலும் உடனே ஹீட்டரைக் குறை சொல்லிவிட முடியாது. இதுதான் பலரும் தவறவிடும் இடம். உள்ளே போதுமான தண்ணீர் இருந்து, அது சரியாகச் சுற்றுகிறது என்று உறுதியானால்தான் இயந்திரம் ஹீட்டருக்கு மின்சாரம் விடும். வெறும் ஹீட்டர் எரிந்துபோகாமல் இருக்க இந்தப் பாதுகாப்பு. தண்ணீர் குறைந்தாலோ ஓட்டம் தடைபட்டாலோ இயந்திரம் குளிர்ந்த நீரிலேயே கழுவிக்கொண்டிருக்கும், அல்லது சூடு ஏறட்டும் என்று காத்துக் காத்து நேரத்தை இழுக்கும். தங்கை சொன்ன மூன்று மணி நேரத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் வீட்டில் நடந்தது அதுதான். அடியில் இருக்கும் வடிகட்டியைத் திருகி எடுத்தபோது மேல் வலை சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் இருந்த நுண்வலையில் தாளித்த கடுகு கருமணி கோத்ததுபோல் வரிசையாகப் பதிந்திருந்தது. நடுவே கறிவேப்பிலை நரம்புகள், அவற்றின் மேல் கொழுப்புப் படலம். விரலால் தள்ளினால் வரவில்லை. பழைய பல்துலக்கியும் சுடுநீரும் வேண்டியிருந்தது. கழுவிப் பொருத்தி ஓடவிட்டோம். பத்து நிமிடத்தில் மீட்டர் விளக்கு படபடக்கத் தொடங்கியது. ஹீட்டருக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். அன்று முதல் வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றுகிறேன். தாளித்த பாத்திரத்தை உள்ளே வைக்கும் முன் கரண்டியால் ஒருமுறை வழித்துவிடுகிறோம்.

வடிகட்டி சுத்தமாக இருந்தால் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். சுவரில் உள்ள குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, பின்னால் ஹோஸ் மடங்கி நசுங்கியிருக்கிறதா, ஹோஸ் சேரும் இடத்தில் உள்ள சிறு சல்லடையில் மணல் அடைத்திருக்கிறதா. ஜொகன்னஸ்பர்க்கின் சில பகுதிகளில் நீர்த்தேக்கத் தொட்டி நிரம்புவதற்காக இரவில் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். படுக்கப் போகும்போது இயந்திரத்தைப் போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் ஒருநாள் பகலில் ஓடவிட்டுப் பாருங்கள். சென்சூரியன் பக்கம் டோலமைட் பாறை உள்ள நிலம். வளாகத்தில் போர்வெல் தண்ணீர் விடுகிறார்கள் என்றால் அது கடின நீராக இருக்கும். ஹீட்டர் மேல் சுண்ணாம்பு படியாமல் இருக்க டிஷ்வாஷர் உப்பைப் போட்டு, கடினத்தன்மை அளவையும் அதற்கேற்ப மாற்றிவையுங்கள்.

இதற்குப் பிறகுதான் மின்பாகங்கள். மின்வேலை தெரியாதவர்கள் தயவுசெய்து திறக்காதீர்கள். உத்தரவாதக் காலத்தில் இருந்தால் தெரிந்தவர்களும் திறக்க வேண்டாம். ஆள் கூப்பிட்டால், மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் மறுக்க மாட்டார். பிளக்கைக் கழற்றிய நிலையில் ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே, 230 வோல்ட்டில் 1800 முதல் 2000 வாட் வரை இழுக்கும் ஹீட்டர் என்றால், ஏறக்குறைய 26 முதல் 30 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாமல் அறுந்திருந்தால் ஹீட்டர் போனது உண்மை. ஹீட்டர் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே மின்கசிவு தெரிந்தால் அதுவும் போனதுதான். ஆனால் அப்போது பெரும்பாலும் வீட்டின் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கும்.

ஹீட்டர் சரியாக இருந்தால் வெப்ப சென்சரைச் சோதிக்க வேண்டும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைந்துகொண்டே வர வேண்டும். அசையாமல் நின்றால் சென்சர் கெட்டது. அதுவும் சரி என்றால் கன்ட்ரோல் போர்டில் ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ரிலே. இந்த நாட்டில் இதை அவசியம் சந்தேகிக்க வேண்டும். 2023-இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, மின்சாரம் திரும்பி வரும் நொடியில் ஏறிய அழுத்தம் எத்தனையோ வீடுகளில் போர்டுகளைத் தின்றது. ரிலேயின் பற்றவைப்பைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தால், கைதேர்ந்தவர் அந்த ஒரு ரிலேயை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். முழுப் போர்டு வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் போனால் பிளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து சில நிமிடம் கழித்துப் போடும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பணம் யார் கொடுப்பது என்பது தனி விஷயம். தங்கை, உங்களுடையது வாடகை வீடு. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிபோகும் முன் உரிமையாளரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் டிஷ்வாஷர் இல்லை என்றால் இன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். குறை சொல்ல ஒப்பந்தத்தில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் நீங்களாகப் பழுது பார்த்துவிட்டு வாடகையில் கழிக்காதீர்கள்.

கடையில் வாங்கியவர்களுக்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருள் குறையுடையது என்று தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான், கடைக்காரருக்கு அல்ல. பழுது பார்க்கும்போது போட்ட பாகத்துக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. ரசீதில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். நாட்டை விட்டுப் போகிறவர்களிடம் பழைய டிஷ்வாஷர் வாங்கும் நண்பர்களே, விளம்பரத்தில் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்ற ஆப்பிரிகான்ஸ் சொல்லைப் பார்த்தால் இருக்கிற நிலையிலேயே விற்கிறார்கள் என்று பொருள். தனியாரிடம் அப்படி வாங்கிய பிறகு முறையிடுவது கடினம். அவர்கள் வீட்டிலேயே சூடான முறையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, நீராவியைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

தங்கை, இன்று மாலை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், பிறகு மீட்டர் முன்னால் நின்று பாருங்கள். விளக்கு எப்படி மின்னியது என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம். சரியான பிறகும் அலுமினிய இட்லித் தட்டை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். சோப்பு வில்லையின் காரத்தில் அது கறுத்துவிடும். எவர்சில்வர் தட்டு என்றால் தாராளமாக வைக்கலாம்.