2016 டிசையர் டீசலுக்கு 4.75 லட்சம் தகுமா?

அண்ணன்மாரே, திருமங்கலத்தில் ஒரு மாருதி டிசையர் விடிஐ விலைக்கு நிற்கிறது. 2016 மாடல், டிஎன் 58 பதிவு, இரண்டாவது ஓனர், மீட்டரில் 98,000 கி.மீ. கேட்கும் விலை 4.75 லட்சம்.

இடது முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடு) போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருக்கிறது, கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே ஏப்ரான் (ஃபெண்டருக்கு உட்புறமுள்ள பாடித் தகடு) நெளியவில்லை, கம்பெனி ஸ்பாட் வெல்டு (தகடுகளை இணைக்கும் புள்ளி வெல்டிங்) அப்படியே இருக்கிறது. அதனால் சின்ன அடிதான் என்று நினைக்கிறேன். நான்கு டயரிலும் 1419, அதாவது 2019-ன் 14-வது வாரம். பட்டன் (டயரின் மேல் பள்ளம்) மிச்சமிருந்தும் பக்கவாட்டில் வெடிப்பு, மாற்றியே ஆகணும். கிளட்சும் போய்விட்டது: மேம்பாலம் ஏறும்போது நான்காவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

இன்ஜின்தான் குழப்பம். போனபோதே சூடாக இருந்தது, முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான புகை. லட்சம் கி.மீ. டீசலில் இது எவ்வளவு வரை சரி? டைமிங் செயின் சத்தம் குளிர்ந்த இன்ஜினில்தான் பிடிபடும் என்பதால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி மறுபடி போகிறேன்.

ஆர்சியில் பேங்க் கடன் இன்னும் நிற்கிறது. பேங்கின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியில் கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன்.

டயர், கிளட்ச் செட்டுக்கு 40,000 கழித்து 4.35-க்குக் கேட்கலாமா, இன்னும் இறங்கணுமா? இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் (இன்ஜெக்டர் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று பார்ப்பது) செய்துதரும் நல்ல பட்டறை மதுரையில் எந்தப் பக்கம் இருக்கிறது?