மறு: லஸ்ட்ரேஷன் – தமிழில் என்ன?

அன்பு நண்பர்களுக்கு,

1989ஐ ஒட்டிக் கம்யூனிச ஆட்சிகள் விழுந்த நாடுகளில், முந்தைய ஆட்சியோடும் அதன் ரகசியப் போலீஸோடும் தொடர்பிருந்தவர்களைப் பதவியை முன்னிட்டு ஆராயும் சட்ட நடைமுறைதான் லஸ்ட்ரேஷன். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்தவை: தூய்மிப்பு, கறைநீக்கம், களையெடுப்பு, பின்புலச் சோதனை, தெரிந்துதெளிதல், அப்புறம் "அப்படியே லஸ்ட்ரேஷன்". முதல் மூன்றும் கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இலத்தீன் வேரே தூய்மைச் சடங்குதான். ஆகவே தூய்மிப்பு.

வேரில் சந்தேகமில்லை. ரோமில் குடிக்கணக்கு எடுத்து முடிந்ததும் பன்றி, ஆடு, காளை மூன்றையும் மக்கள் கூட்டத்தைச் சுற்றி நடத்திப் பலியிட்டார்கள். அந்தச் சடங்கின் பெயரிலிருந்துதான் லஸ்ட்ரேஷன் என்ற சொல் வந்தது. ஆனால் 1991இல் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவில் சட்டம் எழுதியவர்கள் ரோமானியச் சடங்கை நினைத்து எழுதவில்லை. 451/1991 எண்ணுள்ள அந்தச் சட்டத்தின் தலைப்பில் இந்தச் சொல்லே கிடையாது. அரசு அமைப்புகளில் சில பதவிகளை வகிக்கத் தேவையான கூடுதல் முன்நிபந்தனைகள் என்ற பொருளில் வறட்டுத் தலைப்பு ஒன்றுதான் இருக்கிறது. லுஸ்ட்ராத்செ (லஸ்ட்ரேஷனின் செக் வடிவம்) என்பது ரகசியப் போலீஸான எஸ்.டி.பி.யின் அலுவலக வழக்கு. ஒருவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கு அவர்களே சொல்லிவந்த சொல். இன்றைக்கும் அங்கே போலீஸ்காரர் அடையாள அட்டையை வாங்கிச் சரிபார்த்தால் அதற்கும் இதே வினைதான். போலந்தில் 16ஆம் நூற்றாண்டில் அரச நிலங்களை அளந்து கணக்கெடுத்ததற்கும் லுஸ்ட்ராத்சியா என்றுதான் பெயர், கூட்டுறவுச் சங்கத் தணிக்கைக்கும் அதே பெயர். ஆக, ஊர்க்காரர் காதில் விழுவது சரிபார்ப்பு. தூய்மை நம் அகராதிகள் ஏற்றியது.

> களையெடுப்பு மக்களுக்குப் பழகிய சொல்லாயிற்றே?

பழகியதுதான் சிக்கல், ஐயா. ஸ்டாலின் காலத்தை எழுதும்போதெல்லாம் நாம் களையெடுப்பு என்கிறோம். 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் ஆறு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இது சோவியத் போலீஸ் ஆவணங்களிலேயே உள்ள கணக்கு. செக் சட்டத்தில் ஒருவருக்கு அதிகபட்சமாக நேர்வது ஒரு நாற்காலி போவது. சிறை இல்லை, வாக்குரிமை பறிப்பு இல்லை, தனியார் வேலைக்குத் தடையும் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், பாதிக்கப்பட்டவர்களின் வாரிசுகளே ஸ்டாலின் வேலையைச் செய்தார்கள் என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். அது ஒரு தரப்பின் பிரசாரம். கலைச்சொல் பட்டியலுக்குள் அதை ஏன் கொண்டுவர வேண்டும்? ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவையும் 1996 தீர்மானத்தில் இதன் நோக்கம் தண்டனை அல்ல, புதிய மக்களாட்சியைக் காப்பது என்று தெளிவாகவே சொன்னது.

தூய்மிப்புக் கட்சியினருக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது, அவர்கள் அதை இன்னும் எடுக்கவில்லை. நானே எடுத்துத் தருகிறேன். உக்ரைனின் 2014 சட்டத்தின் பெயரே 'ஆட்சியதிகாரத்தைத் தூய்மைப்படுத்தல்'. அந்தச் சட்டம் நிறைவேறிய நாளில் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஓர் உறுப்பினரைக் கூட்டம் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டது. இதையும் லஸ்ட்ரேஷன் என்றே கேலியாக அழைத்தார்கள். ஆனால் அது பதவியிழந்த அதிபர் யானுகோவிச் காலத்து அதிகாரிகளைக் குறிவைத்து, கால் நூற்றாண்டு கழித்து வந்த சட்டம். 1989ஐ ஒட்டி வந்தவற்றுக்கு அதன் பெயரைப் பின்னோக்கிச் சூட்டுவது முறையல்ல.

இனி தெரிந்துதெளிதல். குறள் அதிகாரத்தின் தலைப்பு, அழகான சொல், முன்மொழிந்தவருக்கு என் வணக்கம். ஆளைச் சோதித்துப் பார்த்து, தேறினால் நம்பிப் பொறுப்புக் கொடுப்பது என்பது அதன் பொருள். செக் சட்டம் ஆளைச் சோதிக்கவே இல்லை என்பதுதான் அங்கே எழுந்த முழுச் சண்டையும். அது பார்த்தது பதிவேட்டை. 1989 டிசம்பரில் எஸ்.டி.பி. கோப்புகளைக் கிழித்துத் தள்ளியது. பல இடங்களில் கோப்பு போய், பதிவேட்டில் பெயரும் எண்ணும் மட்டும் மிஞ்சின. அந்தப் பெயருக்கு உரியவர் உண்மையில் என்ன செய்தார் என்று காட்டக் காகிதம் இல்லை.

யான் கவான் கதையைப் பாருங்கள். 1969 முதல் லண்டனில் இருந்துகொண்டு தடைசெய்யப்பட்ட நூல்களை நாட்டுக்குள் கடத்திவந்தவர். திரும்பி வந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1991 மார்ச்சில் எஸ்.டி.பி.யோடு ஒத்துழைத்தவர்கள் என்று நேரலைத் தொலைக்காட்சியில் படிக்கப்பட்ட பத்து உறுப்பினர் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. நீதிமன்றம் அவரை விடுவித்தது 1996இல். பிறகு 1998இல் வெளியுறவு அமைச்சரானார். எழுத்தாளர் ஸ்தெனா சலிவரோவாவும் அப்படித்தான். டொராண்டோவில் கணவரோடு பதிப்பகம் நடத்தி, தாயகத்தில் அச்சேற முடியாத செக் நூல்களை வெளியிட்டவர். 1992இல் வெளியான, எஸ்.டி.பி. ஒத்துழைப்பாளர்களின் அதிகாரபூர்வமற்ற பட்டியலில் அவர் பெயரும் வந்தது. உள்துறை அமைச்சகத்தின் மேல் வழக்குப் போட்டு வென்றார். 1992 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியக் கூட்டாட்சியின் அரசமைப்பு நீதிமன்றம், எஸ்.டி.பி. வெறுமனே 'ஒத்துழைக்கத்தக்கவர்' என்று குறித்து வைத்திருந்தவர்களைச் சட்டத்திலிருந்து நீக்கியது. இதையெல்லாம் தெளிதல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஹாவெலுக்கே இந்தச் சட்டம் உறுத்தலாகத்தான் இருந்தது; 1995இலும் 2000த்திலும் நீட்டிப்பைத் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் இரண்டு முறையும் மீறி நிறைவேற்றியது. ஐந்தாண்டுக்கென்று வந்த சட்டம் காலவரம்பின்றி நிலைத்துவிட்டது.

> அப்படியானால் 'பதிவேட்டுச் சோதனை' என்றே சொல்லிவிடலாமே?

செக் நாட்டுக்கு மட்டும் என்றால் கிட்டத்தட்ட சரி, தம்பி. ஆனால் அங்கேகூட மாவட்ட அளவிலும் அதற்கு மேலும் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர்கள், கட்சியின் ஆயுதம் தாங்கிய மக்கள் படையினர் ஆகியோருக்கும் தடை இருந்தது. அவர்களைக் கண்டுபிடிக்க ரகசியப் பதிவேடு தேவையில்லை. போலந்துக்குப் போனால் இன்னும் பொருந்தாது. 1989இல் பிரதமர் மசோவியெத்ஸ்கி பழையதற்குத் தடித்த கோடு போடுகிறோம் என்று சொல்லிவிட்டு ஆட்சிக்கு வந்தார். 1997இல் வந்த சட்டம் வேறு வழியில் போனது. பதவிக்கு வருபவர் 1944 முதல் 1990 வரை பாதுகாப்புத் துறையோடு ஒத்துழைத்தாரா என்று தானே எழுதித் தர வேண்டியிருந்தது. ஆம் என்று எழுதியவருக்குச் சட்டப்படி பதவி போகவில்லை. இல்லை என்று எழுதி, அது பொய்யென்று நீதிமன்றத்தில் நிரூபணமானால் பத்தாண்டுத் தடை. அதாவது தண்டனை பொய்க்கு, பழைய செயலுக்கு அல்ல. ஆள்காட்டியாக இருந்ததை ஒப்புக்கொண்டவர் அமைச்சராகலாம்! இந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, பலருக்குப் பிடிக்காது.

ஜெர்மனியில், பழைய கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் கோப்புகள் 111 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. 1992 ஜனவரியிலிருந்து தன் கோப்பை யாரும் கேட்டுப் படிக்கலாம். அரசு அலுவலகங்கள் ஊழியர் பெயரை அனுப்பிக் கேட்டன, பதிலைப் பார்த்து ஆளை வைத்துக்கொள்வதா வேலையைவிட்டு அனுப்புவதா என்று அந்த அலுவலகமே முடிவுசெய்தது. கோப்பகத்துக்குப் பொறுப்பாக இருந்த யோவாகிம் கௌக்கின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஸ்லோவாக்கியா சட்டத்தைத் தூங்கவிட்டு 1996 முடிவில் காலாவதியாக்கியது. ரஷ்யாவில் நாடாளுமன்ற உறுப்பினர் கலீனா ஸ்தரவோய்த்தவா 1992இல் கொண்டுவந்த முன்வரைவு நிறைவேறவில்லை.

எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது இதுதான்: முந்தைய ஆட்சியோடு ஒருவருக்கு இருந்த தொடர்பை, இப்போதைய பதவியை முன்னிட்டு ஆராய்வது. பின்புலச் சோதனை என்றால் கம்பெனி வேலைக்குச் சேரும்போது சான்றிதழ் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பழந்தொடர்பாய்வு என்று முதலில் யோசித்தேன். வீட்டில் சொல்லிப் பார்த்ததில் பழைய காதல் விவகாரமா என்று கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

எனவே என் முன்மொழிவு: முன்னாட்சித் தொடர்பாய்வு. கட்டுரையில் முதல்முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் தொடர்பாய்வு என்று சுருக்கிக்கொள்ளலாம். தொடர்பாய்வுச் சட்டம், தொடர்பாய்வுச் சான்றிதழ், தொடர்பாய்வுக்கு உட்பட்டவர், எல்லாம் நாக்கில் தடுக்காமல் வருகின்றன. புள்ளியியல்காரர்கள் 'தொடர்பு எங்களுடையது' என்று சண்டைக்கு வரலாம். அவர்களிடம் ஒட்டுறவு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

> பெரஸ்த்ரோய்காவை அப்படியே எழுதவில்லையா? இதையும் விட்டுவிடலாம்.

பெரஸ்த்ரோய்காவும் கிளாஸ்னாஸ்த்தும் ஒரு நாட்டில் ஒரு தலைவர் தன் கொள்கைக்கு வைத்த பெயர்கள். அவற்றைப் பெயராகவே எழுதினோம், சரி. இது பத்து நாடுகளில் பத்து விதமாக நடந்த ஒரு சட்ட நடைமுறை. சட்டச் சொல் புரிய வேண்டும், அதுவும் பொதுப் பெயராக.

மறுப்பவர்கள் தயவுசெய்து வேர்ச்சொல்லோடு நிறுத்தாமல், கீழ்க்கண்ட வாக்கியத்தைத் தங்கள் சொல்லைப் போட்டு எழுதி அனுப்புங்கள்: "தான் ஒத்துழைத்ததை ஒப்புக்கொண்டதால், போலந்தின் 1997 ______ச் சட்டப்படி அவர் பதவியில் நீடித்தார்." தூய்மிப்பு, களையெடுப்பு இரண்டையும் அங்கே போட்டுப் பார்த்தேன், தூய்மிக்கப்பட்டவர், களையப்பட்டவர், ஆனாலும் நாற்காலியில் அப்படியே இருக்கிறார் என்று வருகிறது.

பி.கு.: நொமென்க்லத்தூராவுக்கு (கட்சி நியமித்த உயர்பதவியாளர் வட்டம்) தனி இழை தொடங்குங்கள், இதிலேயே கலக்க வேண்டாம்.