தரை வழியே கீழ்வீட்டுக்குப் போகும் சத்தத்துக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ.ம. எழுதியது:

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ளச் சத்தமில்லாத கார்டியோ (இதயத்துக்கு வேலை தரும் உடற்பயிற்சி) கருவி எது என்று சொல்லும் ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை கொடுத்தாக வேண்டும். டிரெட்மில், எலிப்டிகல், துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷின் எல்லாம் ஆங்கிலப் பெயரிலேயே போகட்டும் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். சிக்கல் 'இம்பாக்ட்' என்ற சொல்லில்.

'லோ இம்பாக்ட்' என்று மூலம் சொல்வது மூட்டில் அடி விழாத பயிற்சியை. 'இம்பாக்ட் நாய்ஸ்' என்பது கால் விழும்போது கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும் சத்தம். இரண்டுக்கும் 'தாக்கம்' என்றே போட்டால், தாக்கம் குறைவு என்றால் சத்தமும் இராது என்று நம்பி ஒருவர் காற்றாடி வைத்த ரோயிங் மெஷினை வாங்கிவிடுவார். மூட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் இழுக்க இழுக்கக் காற்றாடி இரையும். அதனால் இரண்டாவதற்கு ஒரு தனிச்சொல் வேண்டும். கார்டியோவுக்கும் தமிழில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வ.க. எழுதியது:

அன்பு மகளுக்கு,

முதலில் கார்டியோ. இதயம் வடசொல். நமக்கு நெஞ்சாங்குலை இருக்கிறது, ஆகவே 'நெஞ்சாங்குலைப் பயிற்சி'. அடுத்தது, நீங்கள் கேட்ட ஒலி. 'அர்' என்பது ஒலிக்குறிப்பு வேர். அரற்று, அரவம், ஆர்ப்பு, ஆரவாரம், ஓயாமல் ஆர்ப்பதால் கடலுக்கு ஆர்கலி என்று பெயர். 'காலடி அரவம்' இன்றும் வழக்கில் உண்டு. அதைச் சுருக்கி 'அடியரவம்' என்க. இவ்வேரின் திராவிட இனச்சொற்களைத் தனி மடலில் விரிக்கிறேன்.

மா. எழுதியது:

ஐயா, நெஞ்சாங்குலை என்று படித்ததுமே குலை நடுங்குகிறது. வெறும் 'நெஞ்சுப் பயிற்சி' என்று குறைத்தாலும் ஜிம்மில் அது மார்புத்தசைக்கான பெஞ்ச் பிரஸ். அரவம் பாம்பும்தானே? 'அடியரவம் இல்லாத சைக்கிள்' என்று விளம்பரம் வந்தால் வாங்குகிறவர் குனிந்து பார்ப்பார். கார்டியோ கார்டியோவாகவே இருக்கட்டும், அக்கா. ஊரே அப்படித்தான் சொல்கிறது.

இரா.ந. எழுதியது:

கட்டட ஒலியியல் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக.

சத்தம் போக இரண்டு வழி. காற்றில் போவது ஒன்று: மோட்டார் இரைச்சல், காற்றாடி, தொலைக்காட்சி. இதைச் சுவரும் கதவும் ஓரளவு தடுக்கும். மற்றது தளத்தையே தட்டி, தளமே ஒலிபெருக்கியாகிக் கீழே கேட்பது. இதை அளக்கத் தனிக் கருவி உண்டு. 500 கிராம் எடையுள்ள 5 சுத்தியல்கள் 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10 தட்டு வீதம் மேல்தளத்தில் விழும். கீழ் அறையில் அளப்பார்கள்.

டிரெட்மில்லில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை இறங்கும். 70 கிலோ ஆள் நிமிடத்துக்கு 160 அடி வைத்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே டிரெட்மில்லில் நடந்தால் விசை எடையைவிடச் சற்றே கூடும், அவ்வளவுதான். மோட்டார் சத்தமில்லாதது என்று விற்பார்கள். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்வது மோட்டாரைப் பற்றி அல்ல, காலைப் பற்றி.

காந்தத் தடை வைத்த, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் நேர் எதிர். காந்தம் சுழலும் சக்கரத்தை நெருங்கும்போது உலோகத்தில் சுழிப்பு மின்னோட்டம் எழுந்து அதுவே பிரேக் பிடிக்கிறது. ஒன்றையொன்று தொடுவதில்லை. சங்கிலிக்குப் பதில் பெல்ட்டும் இருந்துவிட்டால் மிதிப்பவரின் மூச்சுதான் கேட்கும். கம்பளிப்பட்டை உரசும் பழைய வகை அப்படியில்லை.

ஆகவே சொல் வழியைக் காட்டவேண்டும்: காற்றுவழி ஒலி, தளவழி ஒலி. சுருக்கினால் 'தளவொலி'.

வ.க. எழுதியது:

தளவு என்றால் செம்முல்லை. தளவொலி என்பது முல்லை மலரும் ஓசையோ? மேலும் தளம் வடமொழி வழி வந்தது. தரை, 'தரா' என்ற வடசொல்லின் வழி.

மா. எழுதியது:

அப்புறம் மிச்சம் நிலம்தான். நிலம் + ஒலி, மகரம் கெட்டு, உடம்படுமெய் வந்து 'நிலவொலி'. நன்னூல் சம்மதிக்கும். படிப்பவருக்கு நிலா வெளிச்சம்தான் தெரியும்.

யோ. (கொழும்பு) எழுதியது:

எங்கள் தொடர்மாடியிலும் இதே கதைதான், மேல்வீட்டில் விடிய ஐந்து மணிக்குக் கயிறடிக்கிறார்கள். 'அதிரொலி' என்றால் என்ன குறை? அதிர்ந்த, அதிர்கின்ற, அதிரும் ஒலி. ஊறுகாய், சுடுசோறு போல நல்ல வினைத்தொகை. வடசொல் வாதம் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் பௌதிகவியல், இரசாயனவியல் என்றே படித்தோம், பாடம் விளங்காமல் போகவில்லை. வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஆளத் தொல்காப்பியமே இடம் தருகிறதே.

இரா.ந. எழுதியது:

எல்லா ஒலியும் அதிர்வுதான், அதுதான் குறை. காற்றாடி இரைச்சலும் அதிரொலியே. தவிர, எதிரொலி என்று அச்சுக்கோப்பவர் 'திருத்தி'விடுவார்.

வ.க. எழுதியது:

அதிரொலி நன்று. வழிமொழிகிறேன். போகிற போக்கில் ஒன்று: டிரெட்மில்லுக்கு ஏன் தமிழ் வேண்டாம் என்கிறார்கள்? அது முதலில் தண்டனைக் கருவி. 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைவாசிகள் மிதிக்கச் செய்தது. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கை எண்ணிப் பாருங்கள். ஆனால் நம்மிடம் தண்டனை அல்லாத மிதியும் உண்டு. ஏற்றத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தான், பாட்டும் பாடினான். ஆகவே 'மிதியேற்றம்'...

மட்டுறுத்துநர்:

ஐயா, மிதியேற்றத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

க. எழுதியது:

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் கீழ்வீடு நாங்கள்தான். எட்டு மணிக்கு மேல்வீட்டில் ஆரம்பித்தால் என் மாமியார் "தடதடங்குது" என்பார். அதற்கு மேல் விளக்கமே வேண்டியதில்லை. 'தடதடப்பு' என்று வைத்தால் என்ன?

மா. எழுதியது:

என் ஓட்டு இதற்கே. 'தடதடப்பு இல்லாத சைக்கிள்' என்றால் எல்லாருக்கும் புரியும்.

வ.க. எழுதியது:

இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது. கலைச்சொல்லிலிருந்து கிளைச்சொல் பிறக்கவேண்டும். 'தடதடப்பியல்' என்று ஒரு துறை வைப்பீர்களா?

செ.ம. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு இது: கையேட்டின் உள்ளே 'தரைவழிச் சத்தம்', 'காற்றுவழிச் சத்தம்'. தலைப்புகளிலும் படங்களிலும் 'தடதடப்பு'. லோ இம்பாக்டுக்கு 'மூட்டில் அடி விழாத பயிற்சி' என்று விரித்தே எழுதிவிட்டேன். கார்டியோ கார்டியோதான். ஆதரவாக ஐந்து தனிமடல் வந்தது, மூன்றில் "சீக்கிரம் முடியுங்கள்" என்று மட்டும் இருந்தது.

இரா.ந. சார், கடைசியாக ஒன்று. மூலத்தில் அடியில் ரப்பர் மேட் போட்டால் போதும் என்கிறது. சரியா?

இரா.ந. எழுதியது:

பாதிதான் சரி. மெல்லிய மேட் 'டக்' என்ற கூரிய சத்தத்தைக் குறைக்கும். 'தொம்' என்று கீழே இறங்குவதை அவ்வளவாகத் தொடாது. அறை நடுவில் தளம் அதிகம் துள்ளும் என்பதால் கருவியை உத்தரமோ தாங்குசுவரோ உள்ள ஓரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஓடுவதற்குத் தெருவும் பூங்காவும் இருக்கின்றன. வீட்டில் மிதிக்கட்டும், இழுக்கட்டும், நடக்கட்டும்.

யோ. எழுதியது:

அதிரொலிக்கு என் வாக்கு மாறவில்லை. பதிவில் இருக்கட்டும்.

வ.க. எழுதியது:

என் மறுப்பையும் சேர்த்துக்கொள்க. சத்தம் 'சப்த'த்தின் வழி வந்தது. அது போகட்டும், ரப்பர் 'மேட்' என்பதற்கு என்ன போட்டீர்கள்? 'விரிப்பு' என்றால் ஒப்பமாட்டேன். பாய் இருக்கிறது.