சர்வர் என்றாலே ஏன் ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்)? காசு மிச்சம் என்பதற்காக மட்டும்தானா?

புதுமுகம்:
வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் குறைவு, ஆனால் சர்வர் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் அதுதான். கூடவே வெப் சர்வருக்கு எஞ்சின்எக்ஸ், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ். பணத்துக்குப் பஞ்சமில்லாத கம்பெனிகளும் இதைத்தானே ஓட்டுகின்றன, ஏன்?

கருந்திரை:
காசை விட லைசென்ஸ் கணக்குதான் பெரிய தலைவலி. விண்டோஸ் சர்வர் என்றால் பிராசசர் கோர்களை எண்ணி லைசென்ஸ் வாங்க வேண்டும், இணைகிற பயனர்களுக்குத் தனிக் கணக்கு. லினக்ஸில் திடீரென்று கூட்டம் வந்தால் இருபது மெஷினை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். அப்புறம், பெரும்பாலான சர்வர்களுக்கு மானிட்டரே கிடையாது. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாக மெஷினுக்குள் போகும் வழி) மூலம் நுழைந்து கட்டளை அடிக்கிறோம், செட்டிங் எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல் என்பதால் ஒன்றுக்கு எழுதியதையே நூறு மெஷினுக்கும் போட்டுவிடலாம்.

ராத்திரி ட்யூட்டி:
என் அனுபவத்தில் முக்கியமான காரணம் வேறு. ஒருமுறை அதிகாலை 2 மணிக்கு டேட்டாபேஸ் புரியாத ஒரு எரரைக் கக்கிக்கொண்டே இருந்தது, அந்த வரியை அப்படியே சோர்ஸ் கோடில் தேடினேன், எந்த நிபந்தனையில் அது வருகிறது என்று தெரிந்ததும் பிடிபட்டுவிட்டது: திறந்திருக்கும் ஃபைல்களின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டிருந்தது. கோடு மூடிக் கிடந்திருந்தால் சப்போர்ட்டுக்கு எழுதிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று, யாராவது கைவிட்டாலும் நாம் நடுத்தெருவில் நிற்பதில்லை. சென்டோஸ் 8 என்ற இலவச லினக்ஸுக்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பியிருந்தபோது, 2021 முடிவோடு நிறுத்தப்போவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்து அந்த இடத்தை நிரப்பின.

சந்தேகி:
"எல்லோரும் கோடைப் பார்க்கலாம், அதனால் பாதுகாப்பு" என்று அடுத்தவர் ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். சர்வரின் ரகசியங்களைக் கசியவிட்ட ஹார்ட்பிளீட் பிழை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் 2012 பதிப்பில் நுழைந்தது, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. பார்க்கலாம் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு!

ராத்திரி ட்யூட்டி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024-ல் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ஒளித்துவைத்த பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) மாட்டியது எப்படி? ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று குடைந்து பார்த்ததில்தான். குடைவதற்குக் கோடு கையில் இருந்தது.

சந்தேகி:
அதிர்ஷ்டமும் இருந்தது.

புதுமுகம்:
சரி, எதில் ஆரம்பிக்கலாம்?

கருந்திரை:
டெபியன் என்ற லினக்ஸ் வகை. முதல் வாரம் கொஞ்சம் கடுப்பாக இருக்கும்.